நாலாவது நிபந்தனைக்கு அப்புறம்

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு! யாரு இதுல கை வச்சது?"

காலையில் வாய் கொப்புளித்து முடிப்பதற்குள் மாரியாயி இதைக் கேட்டுவிடுவாள். கம்ப்யூட்டர் இருந்தது பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் ரோட்டுக் கடைவீட்டு மாடியில், முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில். அந்த வீட்டில் இருந்தது அவளும் அவள் அம்மா பவுனம்மாளும்தான். பவுனம்மாளோ அந்தப் பெட்டியின் மேல் தூசி தட்டக்கூடப் பயப்படுவாள். துணியோடு கிட்டே போனாலே மகள் கடிக்க வருவாள். அப்புறம் வேறு யார் கை வைத்திருப்பார்கள்? முதல் நாள் ராத்திரி இவளே எதையாவது சரிபண்ணுகிறேன் என்று உட்கார்ந்து, காலையில் அதைக் கெட்டுப்போக வைத்திருப்பாள்.

"நீதாண்டி வச்ச" என்று பவுனம்மாள் அடுப்படியிலிருந்து சொல்வாள். மாரியாயி அதைக் காதில் வாங்கியதே இல்லை.

இந்தக் காலத்தில் மாரியாயி என்று பெயர் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் கோலாலம்பூரில் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். அப்பா ரெங்கசாமி ரயில்வேயில் இருந்து செத்துப்போனவர். அவர் தன் ஆத்தாளின் பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டார். முதல் வேலையில் "மேரி"யென்று சுருக்கிக்கொள்ளச் சொன்னார்கள். "என் பேரோட நாலு எழுத்துக்குக்கூட உங்க மெஷின்ல இடமில்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். அந்தப் பேச்சு பின்னால் அவள் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவள் வேலை இதுதான். பிரிக்பீல்ட்ஸில் அண்ணாமலை என்பவர் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்து விற்றார். எந்தப் புரோகிராமாக இருந்தாலும் அதில் தேடும் பகுதி ஒன்று வேண்டும். அதை மாரியாயி, எந்தப் புரோகிராமிலும் எடுத்துச் சேர்க்கிற மாதிரி, தனியாக ஒரு லைப்ரரியாக எழுதி வைத்திருந்தாள். முழுப் பெயரைக் கொடுத்துத் தேடுவதை எந்தப் பெட்டியும் செய்யும். இவளுடையதற்குச் சாடையைச் சொன்னால் போதும். 'கு'வில் ஆரம்பித்து 'ன்'னில் முடிகிற ஆள், வயது முப்பதுக்கு மேல், ஊர் கிள்ளான் அல்லது செலாயாங் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் ஆயிரம் பெயரிலிருந்து ஆளைப் பொறுக்கிப் போடும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று அதற்குப் பெரிய பெயர். பவுனம்மாளுக்கு அது அரிசியில் கல் பொறுக்குகிற வேலையாகத்தான் பட்டது. அவள் நினைத்ததும் தப்பில்லை.

அந்த லைப்ரரியை மாரியாயி டெலிபோன் வயர் வழியாக உலகத்துக்கே சும்மா கொடுத்திருந்தாள். பின்லாந்து, பிரேசில் என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் கடிதம் வரும். எல்லாம் குற்றம் சொல்கிற கடிதம்தான். 'அன்புள்ள திரு. மாரி அவர்களே' என்றுதான் எல்லாவனும் ஆரம்பிப்பான். இவளும் திருத்தியதில்லை. ஆம்பிளை என்று நினைத்தால் மரியாதையாகக் குற்றம் சொல்கிறார்கள், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"வெள்ளைக்காரன் குத்தம் சொன்னா தேங்க்யூங்கிறா. ரசத்துல உப்பு போதுமான்னு நான் கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறா" என்று பவுனம்மாள் மாடிப்படியில் நின்று ஊருக்கே சொல்வாள்.

அந்த வருஷம் மாரியாயிக்கு வயது முப்பத்துமூன்று. பவுனம்மாளுக்குக் கல்யாணப் பைத்தியம் முற்றிப்போனது. கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானா தெருவில், சேலைக் கடைக்கு மேலே தம்புசாமி கல்யாணத் தகவல் ஆபீஸ் நடத்தினார். பொண்ணு மாப்பிள்ளை விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவர். அண்ணாமலை விற்ற புரோகிராம்தான், உள்ளே இருந்தது மாரியாயியின் தேடல்தான். தம்புசாமிக்கு அதில் பெரிய லாபம். முன்னாடி "இந்த மாப்பிள்ளை வேணாம்" என்று அவரோடு மல்லுக்கு நின்றவர்கள், "கம்ப்யூட்டர் சொல்லுதும்மா" என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பவுனம்மாளுக்கும் அப்படித்தான். "ஜோசியரு ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்திச் சொல்லுவாரு. பெட்டி யாருக்கும் மாத்திச் சொல்லாது" என்று அவள் உறுதியாக நம்பினாள்.

மாரியாயி சண்டை போடவில்லை. சிரித்த முகமாக வந்து, "நிபந்தனைய நானே எழுதித் தரேன்" என்றாள். அப்போதே பவுனம்மாள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எழுதினாள் பாருங்கள். வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. குடிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஃபார்ம் ஃபைவ் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். இதுவரை நியாயம். அதற்கு மேல் அரசாங்க வேலை. பிரிக்பீல்ட்ஸில் வீடு. மீசை கூடாது. சமைக்கத் தெரிய வேண்டும். கழுத்தில் சங்கிலி கூடாது. வீட்டில் ஆடு, மாடு, நாய், பறவை எதுவும் கூடாது. கடைசியாக, குறட்டை விடக் கூடாது.

தம்புசாமி கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, குறட்டைக்கு எங்கிட்ட கட்டம் இல்லையே?"

"கட்டம் நான் சேர்த்துத் தரேன் அண்ணே. வர்ற மாப்பிள்ளைங்கள நீங்க கேட்டு மட்டும் போடுங்க."

அந்த மனுஷனும் அன்றிலிருந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் குறட்டை விடுவாயா என்று கேட்க ஆரம்பித்தார். சில பேர் கோபித்துக்கொண்டு எழுந்தே போனார்களாம்.

சுங்கை பூலோவிலிருந்து கிள்ளான் வரைக்கும் சலித்தாலும் இப்படி ஒருத்தன் அகப்பட மாட்டான் என்பது மாரியாயியின் கணக்கு. நிம்மதியாகப் படுத்தாள். சில நாளிலேயே தம்புசாமியின் போன் வந்தது.

"ஆளு கெடைச்சாச்சு தங்கச்சி. பேரு வேலாயுதம், வயசு முப்பத்தஞ்சு. ஞாயித்துக்கிழமை வராங்க."

"இருக்கவே முடியாது!" என்று மாரியாயி கத்தினாள். பக்கத்தில் நின்ற பவுனம்மாள் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக் கடலைப்பருப்பை ஊறப்போடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் 'ஏர்கோன், ஃப்ரிட்ஜ் ரிப்பேர், கிள்ளான்' என்று எழுதியிருந்தது. படியேறி முதலில் வந்தது மீசை. அதற்குப் பின்னால் வேலாயுதம். அவனுக்குப் பின்னால் அவன் அக்கா வள்ளியம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு.

வடைத் தட்டோடு வந்த மாரியாயி அதை வைக்க மறந்து அப்படியே நின்றாள். பார்வை அவன் மீசையிலிருந்து இறங்கிக் கழுத்துச் சங்கிலிக்கு வந்தது. விரல் தடிமனில் சங்கிலி.

"நீங்க குடிப்பீங்களா?" என்றாள். வாங்க என்று கூடச் சொல்லவில்லை.

பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வேலாயுதம் கலங்கவில்லை. "இல்லீங்க."

"ஃபார்ம் ஃபைவ்?"

"பாஸ். ஜஸ்ட் பாஸ் லா."

"கவர்மென்ட் வேலையா?"

"சொந்தக் கடை."

மாரியாயியின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "வீடு பிரிக்பீல்ட்ஸ்ல இல்ல?"

"கிள்ளான்ல. கடைக்கு மேலயே."

"சமைப்பீங்களா?"

"முட்டை அவிப்பேன்."

"வீட்டுல ஏதாச்சும் வளர்க்குறீங்களா?"

"ரெண்டு கிளி. ஒண்ணு மலாய்ல திட்டும்."

சிரிப்பு இப்போது காதுவரைக்கும் போயிருந்தது. "குறட்டை?"

அவன் வாயைத் திறப்பதற்குள் வள்ளியம்மா முந்திக்கொண்டாள். "பக்கத்து வீட்டு அங்கிள் வந்து கதவைத் தட்டுவாரும்மா. ரிப்பேருக்கு வந்த மெஷினை ராத்திரியில ஓட விடாதீங்கன்னு."

"மூணு வரைக்கும் சரி! நாலுலேருந்து ஒண்ணுமே இல்ல!" என்று மாரியாயி குதித்தாள். தட்டை அவன் மடியிலேயே வைத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள்.

பவுனம்மாளும் வள்ளியம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வேலாயுதம் வடையைக் கடித்துக்கொண்டே எழுந்து போய் அவள் பின்னால் நின்றான்.

"என்னா, ரோசாக்கா? கெட்டுப்போச்சா?"

"ரோசாக்தான். எந்த எடத்துலன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு." அவள் திரும்பவில்லை. "தேடுறதுக்குக் கொடுக்கற வரிய வச்சிக்க உள்ள ஒரு பெட்டி கட்டியிருக்கேன். ரொம்பச் சின்னதா கட்டிட்டேன். வரி நீளமா இருந்தா, கொள்ளுற வரைக்கும் வச்சிக்கிட்டு மிச்சத்தக் கீழ போட்டுடுது. போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்ல, திருட்டுப் பெட்டி."

பெயருக்கு நாலு எழுத்து இடம் கேட்டுச் சண்டை போட்டவள், தன் கல்யாண நிபந்தனைக்கே இடம் பத்தாமல் கட்டி வைத்திருந்தாள்.

"அப்ப முழு வரியும் உள்ள போயிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்?"

"வந்திருக்கவே முடியாது."

"வடை நல்லா இருக்கு" என்றான் வேலாயுதம். "உங்க திருட்டுப் பெட்டிக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க."

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் தெனம் இதே கதைதான்" என்றான் அவன். "'நேத்து வரைக்கும் நல்லா குளுந்துச்சே, யாரு கை வச்சதோ'ம்பாங்க. போய்ப் பாத்தா ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பாயும் தலகாணியும் சொருகி வச்சிருப்பாங்க. சொருகினது யாருன்னு கேட்டா வீட்டுல யாருமே இல்ல."

மாரியாயி சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பவுனம்மாள் கேட்டு வருஷமாகியிருந்தது.

"நீங்க என்ன நிபந்தனை எழுதினீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணும் எழுதல. வெறுமனே விட்டுட்டேன்."

"அய்யய்யோ, வெறுமனே விட்டா எல்லாருக்கும் பொருந்தும். புரோகிராம் அப்படித்தான்."

"அதான் ஊர் ஊரா வடை தின்ன அனுப்பி வச்சாரா தம்புசாமி!"

கிளம்பும்போது வள்ளியம்மாவும் பவுனம்மாளும் பாக்கு வெற்றிலை மாற்ற ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். மாரியாயி "பாக்கலாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம். மறுவாரமே வீட்டு ஃப்ரிட்ஜில் ஏதோ சத்தம் வருகிறது என்று கிள்ளானுக்குப் போன் போட்டாள். அவனும் வேனை எடுத்துக்கொண்டு வந்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து மூடினான். தேத்தண்ணி குடித்தான், போனான். அடுத்த வாரமும் சத்தம் வந்தது. பவுனம்மாளுக்கு மட்டும் அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று அவளும் வெளியே சொல்லவில்லை.

இதற்கு நடுவில் மாரியாயி லைப்ரரியைச் சரிபண்ணிவிட்டாள். எவ்வளவு நீள வரி வந்தாலும் அதற்குத் தகுந்தபடி பெட்டி பெரிதாகும். உலகத்துக்கு ஒரு பிரதி போனது. பின்லாந்துக்காரன் திரு. மாரியைப் பாராட்டி எழுதினான். தம்புசாமிக்கு ஒரு டிஸ்க் போனது.

குறித்த வெள்ளிக்கு முந்தின வாரம் தம்புசாமி வேர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்தார். பின்னாலேயே அவள் முதலாளி அண்ணாமலை.

"என்னாம்மா பண்ணி வச்சிருக்க? புது டிஸ்க்கு போட்டதிலேருந்து ஒருத்தனுக்கும் ஒருத்தி பொருந்தல! யாரைப் போட்டாலும் இல்ல, இல்ல, இல்லங்குது. முன்னாடி உன் மெஷின் கல்யாணம் பண்ணி வச்சுச்சு. இப்ப சாமியாரா போயிடுச்சு!"

"அண்ணே, முன்னாடி அது தப்பா ஓடுச்சு. பாதி நிபந்தனைய முழுங்கிடும். இப்பத்தான் எல்லாத்தையும் பாக்குது."

"யாரு பாக்கச் சொன்னா? சனங்க மொத மூணு நாலு வேண்டியதக் கேப்பாங்க. அப்புறம் கேக்கறதெல்லாம் வாய்க்கு வந்தது. உன் பழைய பெட்டிக்கு அது தெரிஞ்சிருந்துச்சு." தம்புசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் பேரையும்தான் போட்டுப் பாத்தேன். வேலாயுதமும் வரல."

அடுப்படியில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. பவுனம்மாள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"பொருத்தம் இல்லையா?"

"பெட்டி இல்லங்குதும்மா."

"அப்ப வெள்ளிக்கிழமை வேணாம்" என்றாள் பவுனம்மாள். "பெட்டி இல்லன்னு சொன்னதுக்கப்புறம் எப்படிப் பாக்கு மாத்துறது? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

மாரியாயி வசமாக மாட்டிக்கொண்டாள். கல்யாணமே வேண்டாம் என்று நிபந்தனை போட்டவள் அவள்தான். இப்போது கல்யாணம் வேண்டும் என்று நினைக்கும்போது, அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதும் அவள் எழுதிய புரோகிராம்தான்.

அண்ணாமலை தொண்டையைச் செருமினார். "பழைய டிஸ்க்கையே குடுத்துடு மாரியாயி. கஸ்டமருக்கும் சந்தோஷம், உனக்கும் சந்தோஷம்."

பழைய டிஸ்க் மேசை டிராயரிலேயே இருந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். கொடுத்தால் முடிந்தது. யாருக்கும் தெரியாது.

"தப்புன்னு தெரிஞ்சும் திருப்பி வைக்கவா பாஸ்? பின்லாந்துக்காரனுக்கு என்னா பதில் சொல்லுவேன்?"

"பின்லாந்துக்காரனா உனக்குத் தாலி கட்டப் போறான்?" என்றாள் பவுனம்மாள். மறு மூச்சில், "ஆனாலும் திருட்டுப் பெட்டி சொல்லுற பொருத்தம் எனக்கு வேணாம். ஆமா" என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கடைசி வழியும் அடைபட்டது.

மாரியாயி டிஸ்க்கை டிராயரில் போட்டு மூடினாள். அந்த வாரம் முழுக்க ஃப்ரிட்ஜில் சத்தம் வரவில்லை. முன்னறையில் தட்டுகிற சத்தம்தான் கேட்டது. காலையில் "யாரு கை வச்சது" கேட்டது. பவுனம்மாள் "நீதான்" என்று சொல்லக்கூட மனசு வராமல் மாவாட்டினாள்.

குறித்த வெள்ளிக்கிழமை காலை மாரியாயி அம்மாவைக் கிளப்பிக் கமூட்டர் ரயிலில் கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தம்புசாமி ஆபீஸில் ஏர்கோன் தண்ணீர் ஒழுகியது. ஏணி மேல் நின்று அதைக் கழற்றிக்கொண்டிருந்தவன் வேலாயுதம். ரிப்பேருக்கு வேறு ஆளைக் கூப்பிடத் தம்புசாமிக்கு மனசு வரவில்லையாம். பாதிக் கல்யாணம் செய்து வைத்த பாவத்துக்கு இதையாவது செய்வோம் என்று கூப்பிட்டிருந்தார்.

ஏணியில் இருந்தவன் பார்த்துவிட்டு மறுபடி ஏர்கோனைக் கழற்றினான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய வீட்டுக்காரர்கள். என்னவென்று பேசுவான்?

மாரியாயி புது டிஸ்க்கைப் போட்டாள். "அண்ணே, என் பேரு, இவரு பேரு. தட்டுங்க."

தம்புசாமி தட்டினார். திரையை உரக்கப் படித்தார். "மூணு வரைக்கும் பொருத்தம். நாலாவதில் நின்றது. அரசாங்க வேலை." அவர் நிமிர்ந்தார். "இது என்னாம்மா புதுசா?"

"முன்னாடி பொருந்தும், இல்ல, அவ்வளவுதான் சொல்லும். இப்ப எதுவரைக்கும் வந்துச்சு, எங்க நின்னுச்சுன்னு சொல்லும். முழுங்காது, பொய்யும் சொல்லாது." அவள் அம்மாவைப் பார்த்தாள். "நாலாவத எடுத்துடுங்க. கவர்மென்ட் வேலை வேணாம்."

"அஞ்சாவதில் நின்றது. பிரிக்பீல்ட்ஸ் வீடு."

"ஏண்டி, கிள்ளான்லயா போய் இருப்ப?" என்றாள் பவுனம்மாள்.

"அதான் கமூட்டர் விட்டிருக்கான்ல. எடுத்துடுங்க அண்ணே."

"ஆறாவதில் நின்றது. மீசை."

ஏணியிலிருந்து குரல் வந்தது. "மீசைய எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"உங்கள யாரு எடுக்கச் சொன்னா? நிபந்தனையத்தான் எடுக்கச் சொல்றேன்."

"அப்ப சரி" என்று ஏணியில் இருந்தவன் ஒரு படி இறங்கினான்.

"ஏழாவதில் நின்றது. சமையல்."

"அது இருக்கட்டும்" என்றாள் மாரியாயி. "அத நான் எடுக்க மாட்டேன்."

மகளுக்குச் சமைக்க வராது என்பது பவுனம்மாளுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் வராவிட்டால் இரண்டும் பட்டினி கிடந்து சாகும் என்றும் தெரியும். அவள் முன்னால் வந்தாள்.

"தம்புசாமி, முட்டை அவிக்கறது சமையல்தானே?"

"சமையல்தாம்மா."

"அப்ப அவருக்குச் சமையல் தெரியும்னு போடுங்க. மிச்சத்த நான் சொல்லிக்குடுக்கறேன்."

சங்கிலி போனது. கிளி போனது. கடைசியில் குறட்டை.

"அந்தக் கட்டத்த நானேதான் சேர்த்தேன்" என்று மாரியாயி சொன்னாள். "அதையே எடுத்துடுறேன் அண்ணே. பாவம், வர்றவங்கள நிம்மதியா உக்காரவாவது விடுங்க."

தம்புசாமி தட்டினார். திரையைப் பார்த்தார். அதைப் பவுனம்மாள் பக்கம் திருப்பினார். முழுப் பொருத்தம். பவுனம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைக் கும்பிட்டாள். வேலாயுதம் கீழே இறங்கிக் கைகழுவப் போனான். சாயந்திரமே பாக்கு மாற்றினார்கள், ஏர்கோன் ஒழுகிக்கொண்டே இருந்தது.

தம்புசாமியின் வியாபாரம் பழையபடி நடந்தது. எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்ததும் ஜனங்கள் தாங்களாகவே நிபந்தனையை எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமாகாமல் திரியும் பையனைப் பார்த்து "என்னாப்பா, நாலாவதுல நிக்கிறியா?" என்று கேட்பது கிள்ளானில் வழக்கமாகிவிட்டது.

அந்த மேம்பாட்டையும் மாரியாயி உலகத்துக்குச் சும்மாதான் கொடுத்தாள். இது எதற்குப் பயன்படும் என்று பின்லாந்துக்காரன் கேட்டான். என் கல்யாணத்துக்குப் பயன்பட்டது என்று எழுதினாள். திரு. மாரிக்கும் அவர் மனைவிக்கும் வாழ்த்துகள் என்று பதில் வந்தது. வேலாயுதம் அதைக் காகிதத்தில் அடித்துக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறான்.

கிள்ளான் பக்கம் போனால் அவளை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். சேலைக் கடையைத் தாண்டி, வேன் நிற்கிற கடை, மேல் மாடி. கீழே கிளி மலாயில் திட்டும், அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். மேலே "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, யாரு இதுல கை வச்சது?" என்று சத்தம் வரும். கீழேயிருந்து மீசைக்காரன் "நீதான்!" என்று கத்துவான். அந்த நேரம் பார்த்துப் படியேறுங்கள். போகும்போது சாப்பிட ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே இன்னமும் முட்டைதான்.